ரூமுக்கு ஒரு ஓட்டு

தமிழ்நாட்டுக்கு ஒரு ராக் பாட்டு வேண்டும் என்று எங்கள் சங்கச் செயலாளர் சொன்னபோது நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குழுக் கூட்டம் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில்தான் நடக்கும். அன்று எங்கள் வீட்டு முறை. பதினொரு பேர், ஒரு சோபா, மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

விஷயம் இதுதான். அமீரகத்தில் உள்ள இந்திய மாநிலங்களின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ராக் விழா நடத்தப் போகின்றன. ஒவ்வொரு மாநிலமும் தன்னுடைய அதிகாரபூர்வ ராக் பாட்டு என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பாட்டு புதிதாக இருக்க வேண்டும், சினிமாப் பாட்டு கூடாது. கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் மூன்றும் மேடையில் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருஷம், எந்தப் பொது விழாவில் தமிழ்நாட்டின் பெயரை வாசித்தாலும் அந்தப் பாட்டுத்தான் ஒலிக்கும். எந்த அரசாங்கமும் கொடுத்த அதிகாரம் அல்ல, நாங்களே எடுத்துக்கொண்டது. ஆனாலும் 'அதிகாரபூர்வ' என்ற சொல் காதில் விழுந்ததும் ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ராக் என்றால் என்ன என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போயிற்று. பறையைவிடப் பெரிய ராக் உண்டா என்று ஒருவர் கேட்டார். நாதஸ்வரத்தை மைக்கில் சத்தமாக வைத்தால் அதுவும் ராக்தான் என்றார் இன்னொருவர். பாடுகிறவர் தலையை ஆட்ட வேண்டுமா, ஆட்டினால் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்று பொருளாளர் கவலைப்பட்டார். அவர் தலையில் ஆட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு வாய் வரை வந்தது. என் வாய் அப்படித்தான், டீயைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

பிறகு எதைப் பாடுவது என்ற கேள்வி வந்தது. இங்கே பொது மேடை என்றால் அனுமதி வாங்க வேண்டும், மதமும் அரசியலும் கூடாது. அதனால் கோயிலை எடுத்தாகிவிட்டது. தலைவர்களை எடுத்தாகிவிட்டது. ஆற்றைப் பாடலாம் என்றால் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், எதற்கு வம்பு என்று அதையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது சாப்பாடும் மழையும்தான். பாட்டைக் குழு எழுத வேண்டாம், உறுப்பினர்களிடம் கேட்டு வாங்கலாம் என்று நான் சொன்னேன். அது ஒன்றுதான் அன்று உருப்படியாக நடந்த காரியம்.

ஆறு பாட்டுகள் வந்தன. மூன்று பக்திப் பாட்டுகள், கிடார் வைத்துப் பாடியிருந்தார்கள். ஒன்று முழுக்க ஆங்கிலம். மிச்சம் இரண்டும்தான் பாட்டு.

அந்த இரண்டில் ஒன்று என் மகளுடையது.

அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். பேஸ் கிடார் வாசிப்பாள். பள்ளியில் கூடப் படிக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வீட்டு மெய்ட்ஸ் ரூமில் பழகுவாள். மெய்ட் வைத்துக்கொள்ள வசதி இல்லாததால் அந்த அறை காலியாக இருந்தது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழில் பேசினால் நான் திருத்துவேன், அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் அவளை 'துபாய்ப் பொண்ணு' என்பார்கள். இங்கே பள்ளியில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் திருச்சி என்பாள். அந்த மேடையில் தமிழ்நாட்டின் பாட்டு என்று தன் பாட்டைப் பாட வேண்டும் என்பதில் அவள் எவ்வளவு குறியாக இருந்தாள் என்பதைச் சாப்பாட்டை மறந்ததில் பார்த்தேன். அடுத்த வருஷம் கல்லூரிக்கு இந்தியா போகிறாள். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவளிடம், நீ எங்கள் ஊர்ப் பெண்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பாட்டு எதைப் பற்றி என்றால், லீவைப் பற்றி. ஜூலை மாதம் விமானம் இறங்குவதில் தொடங்கி, கரண்ட் போவது, மிக்ஸி சத்தத்தில் கண் விழிப்பது, டவுன் பஸ் ஹாரன், யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு தடவை சாப்பிட வேண்டியிருப்பது என்று போய்,

'நாப்பது நாள் நாப்பது நாள்
முப்பத்தொன்பது போயாச்சு
பெட்டியை எடை போடு'

என்று முடியும். அந்தக் கடைசி வரியை நான்கு தடவை கத்துவார்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. இது மாநிலத்தைப் பற்றிய பாட்டா, லீவு லெட்டரா என்று கேட்டேன். கொஞ்சம் வயலைப் போடு, நெல்லைப் போடு, உன் தாத்தா ஊரில் இல்லாததா என்றேன்.

"நான் வயல்ல இறங்கினதே இல்லம்மா. கார்ல போறப்போ ஜன்னல் வழியா பாத்திருக்கேன், தட்ஸ் ஆல். தெரியாததை எப்படிப் பாடுறது?" என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மற்ற பாட்டு ஜெபல் அலி பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்து வந்தது. பாடியவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் ஃபோனில் பதிவு செய்து அனுப்பியிருந்தார். டிரம்ஸுக்குப் பதிலாக யாரோ தண்ணீர் கேனைத் தட்டியிருந்தார்கள். கண்மாய், கருவேல மரம், வெயிலில் காயும் மல்லி, அம்மா கொண்டுவரும் கஞ்சி, எல்லாம் இருந்தது. குரல் என்றால் அப்படி ஒரு குரல். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பிலிப்பினோப் பெண் டிஷ்யூவை நீட்டினாள்.

இரண்டு பாட்டையும் வாட்ஸாப்பில் எல்லோருக்கும் அனுப்பி, ஓட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. ஆன்லைன் படிவம் ஒன்று. ஃபோன் எண்ணைப் போட்டு, முதல் பாட்டான என் மகளுடையதற்கு ஒன்று அல்லது இரண்டாவதான கேம்ப் பாட்டுக்கு இரண்டு என்று அழுத்த வேண்டும். ஓர் எண்ணுக்கு ஓர் ஓட்டு, பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு மட்டும். படிவத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது, ஏனென்றால் கேம்ப் ஆட்களின் பட்டியல் என்னிடம்தான் இருந்தது. என் மகள் போட்டியில் இருக்கிறாளே என்றேன். "நம்ம சங்கத்துல யாரு புள்ள இல்லாத போட்டி எது மேடம்" என்றார் செயலாளர். அதுவும் உண்மைதான்.

என் ஓட்டை முதல் நாளே போட்டேன். இரண்டு. எனக்குப் பிடித்த பாட்டுக்குப் போட்டேன், மகள் என்று பார்க்கவில்லை என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு. என் கணவர் ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்டில் இருந்தார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். அவர் எதற்குப் போட்டார் என்று கேட்கவே வேண்டாம். பாட்டைக் கேட்காமலேயே ஒன்று என்று போட்டிருப்பார்.

இங்கே பொங்கல் பொட்டலக் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேம்ப்களுக்குப் பொங்கல் கொடுத்தபோது, எத்தனை பொட்டலம் வேண்டும் என்று மெசேஜ் அனுப்பச் சொன்னேன். ஒரு ரூமில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் தனித்தனியாக 'எங்க ரூமுக்கு எட்டு' என்று அனுப்பினார்கள். நான் அப்படியே கூட்டிவிட்டேன். சமையல்காரர் வெண்பொங்கலை அண்டா அண்டாவாக இறக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று நாள் குழு உறுப்பினர்கள் வீடுகளில் காலையும் இரவும் பொங்கல். அதற்குப் பிறகு நான் கறாராகச் சொல்லிவிட்டேன், இனிமேல் எதுவானாலும் ரூமுக்கு ஒரு மெசேஜ். எல்லோரும் அனுப்பினால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். கேம்ப்பிலும் அது வசதியாகத்தான் இருந்தது. அங்கே சமையல், வைஃபை, தண்ணீர் கேன் எல்லாமே ரூம் கணக்குத்தான். ரூமில் பேசி முடிவெடுத்து ஒருவர் அனுப்புவார். பஸ் வேண்டுமா, விழாவுக்கு எத்தனை இடம், எல்லாவற்றுக்கும் அப்படியே பழகிவிட்டது.

ஓட்டுப் போட ஒரு வாரம் கொடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவு. ஐந்து மணி வாக்கில் படிவத்தைப் பார்த்தேன். என் மகளுடைய பாட்டு ஏழு ஓட்டில் முன்னால் நின்றது. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டு படிவத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

அப்போது ஃபோன் வந்தது. சாரம் கட்டும் தம்பி.

"அக்கா, எங்க ரூம் ஓட்டு வந்துருச்சான்னு பாருங்க. இங்க நெட்டு மக்கர் பண்ணுது. எட்டு பேருக்கும் சேத்து வழக்கம்போல ஒண்ணாப் போட்டுட்டேன்."

மற்ற ரூம்களும் அப்படித்தானா என்று கேட்டேன். ஆமாக்கா, நீங்கதானே ரூமுக்கு ஒண்ணு போதும்னு சொல்லியிருக்கீங்க என்றார். போட்டவர்களின் எண்கள் வரிசையில் அவருடையதும் இருந்தது, ஓட்டு வந்துவிட்டது தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேம்ப்களில் எங்கள் பட்டியலில் முப்பது ரூமுக்கு மேல் இருந்தது. ரூமுக்கு எட்டுப் பேர். அத்தனை பேரும் ஓர் ஓட்டாகச் சுருங்கிக் கிடந்தார்கள். கேம்ப் ஆட்கள் தங்களில் ஒருவர் பாட்டுக்கு, அதுவும் அந்தக் குரலுக்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவார்கள்? ஒன்றை எட்டாக்கினால் ஏழு ஓட்டு வித்தியாசம் எந்த மூலைக்கு? செயலாளருக்கு ஃபோன் செய்து, இன்னும் இரண்டு நாள் கொடுங்கள், கேம்ப்பில் எல்லோரையும் தனித்தனியாகப் போடச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. படிவத்துக்குக் கீழே எந்த எண் எதற்குப் போட்டது என்ற பட்டியலும் இருந்தது. தட்டினால் திறக்கும்.

தட்டவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

மெய்ட்ஸ் ரூமில் இருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை எடை போடு, பெட்டியை எடை போடு. நான் பாலை இறக்கி வைத்தேன். ஆறு மணிக்குப் படிவத்தை மூடினேன். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் முதல் பாட்டு ஜெயித்தது என்று வாட்ஸாப் குழுவில் போட்டேன். மகள் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஐந்து வருஷமாக அவள் என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. அந்த நிமிடத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பிறகுதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

விழாவுக்கு முன் ஒரு மாதம் இருந்தது. மாநிலத்தின் பாட்டு என்றால் வேட்டி கட்டித்தான் பாட வேண்டும் என்று குழுவில் ஒரு பிரிவு கிளம்பியது. கறுப்பு ஜீன்ஸ்தான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கடைசியில் சத்வாவில் ஒரு தையற்காரரிடம் கட்டம் போட்ட கைலித் துணியைக் கொடுத்து, ஜீன்ஸ் மேலே போட்டுக்கொள்ள மூன்று ஜாக்கெட் தைத்தோம். அளவு கொடுக்கப் போனபோது தையல் மாஸ்டர், லுங்கியில் கோட்டா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். நன்றாகவே தைத்தார். மகள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அம்மா, நான் இப்போ தமிழ்நாடு" என்று சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விழா ஒரு பள்ளி அரங்கத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கேம்ப் ஆட்களுக்கு அன்றுதான் விடுமுறை. மூன்று பஸ்களில் வந்து பின்வரிசைகளை நிரப்பினார்கள். ஐந்தாவது மாநிலமாக எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்கு மேடையைப் பார்க்கத் தைரியம் இல்லை, பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கோபமாக இருப்பார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

முதல் 'நாப்பது நாள்' வந்ததும் பின்வரிசை எழுந்து நின்றது. அவர்களுக்குப் பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருந்தது. பெட்டியை எடை போடு என்ற இடத்தில் இருநூறு ஆண் குரல்கள் மேடையை அமுக்கிவிட்டன. மகள் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள். முன்வரிசைக் குடும்பங்கள் யார் கத்துவது என்று திரும்பிப் பார்த்தார்கள். சிலர் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கித் தராசில் வைப்பதுபோல் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இடைவேளையில் டீ கவுண்டரில் அந்தத் தம்பி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் கேம்ப் அடையாள அட்டை. பாப்பா பிரமாதமாகப் பாடிவிட்டது என்றார். உங்கள் பாட்டும் ரொம்ப நல்ல பாட்டு தம்பி, கொஞ்சத்தில் போய்விட்டது என்றேன். சொல்லும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சத்துலயா?" என்று சிரித்தார். "எங்க ரூம்லயே எனக்கு என் ஓட்டு ஒண்ணுதான்க்கா. மத்த ஏழு பேரும் பாப்பா பாட்டுக்குத்தான். ரூம் முடிவுன்னா முடிவு, நானே ஃபோனை எடுத்து ஒண்ணுன்னு அமுக்கிட்டேன். அது வந்துருச்சான்னுதான் அன்னைக்கு உங்களைக் கேட்டேன்."

பேப்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"என் பாட்டு ஊர்ல இருக்கறவனுக்குக்கா. கண்மாயப் பாத்து எனக்கு ஆறு வருசமாச்சு, லீவுல போனாலும் அந்தப் பக்கம் போக நேரமில்ல, தண்ணி கெடக்கான்னுகூடத் தெரியாது. எங்களுக்கு ஊருன்னா லீவுதானே. ரெண்டு வருசத்துக்கு நாப்பது நாளு. அந்தப் பொட்டி எடை போடுற இடம் வந்தா ரூமே எந்திரிச்சிருது. எங்க பிளாக் முழுக்க அதாங்க்கா."

பிஸ்கட் இரண்டை எடுத்துக்கொண்டு, யல்லா, வரேன்க்கா, அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருவான் என்று உள்ளே போய்விட்டார்.

குழுவில் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கலாஸ், முடிந்த கதை, விடுங்கள் என்றார் செயலாளர். நான் விடவில்லை. பட்டியலைத் திறந்து ஒவ்வொரு ரூமுக்கும் ஃபோன் செய்து கேட்டேன். இரண்டாம் பாட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஃப்ளாட்டில் இருக்கும் குடும்பங்கள், என்னைப்போல. கஞ்சியையும் கருவேல மரத்தையும் நினைத்து அழ எங்களுக்குத்தான் நேரம் இருந்திருக்கிறது. ரூம்களில் ஐந்தே ஐந்துதான் அதற்கு. ஆளுக்கொரு ஓட்டாக எண்ணியிருந்தால் என் மகள் எங்கேயோ முன்னால் போயிருப்பாள். அந்தக் கணக்கை வாட்ஸாப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். ஆனால் அதெல்லாம் அடுத்த வாரம்.

அன்று விழா முடிந்து திரும்பும்போது வண்டியில் நானும் அவளும்தான். பேஸ் கிடாரைக் காலுக்கிடையே நிறுத்தி, கைலி ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. பொங்கல் பொட்டலத்தில் ஆரம்பித்து, ஃபோன் வந்தது, பட்டியலைத் திறக்காமல் மூடியது, டீ கவுண்டரில் அந்தத் தம்பி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கேம்ப் ஓட்டு உனக்கு விழாது என்று பயந்தேன், உனக்காகத்தான் செய்தேன் என்றேன்.

இரண்டு சிக்னல் தாண்டினோம்.

"ஸோ, என் பாட்டு தோத்துடும்னு நினைச்சிருக்கே" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமா என்றேன்.

"அந்த அங்கிள் ரூம்ல எட்டுல ஏழு எனக்கு."

"ஆமா."

"நம்ம வீட்டுல ரெண்டு ஓட்டு இருக்குல்லம்மா. எனக்கு எத்தனை?"

அடுத்த சிக்னல் சிவப்பில் இருந்தது. வண்டியை நிறுத்தினேன். அவளைப் பார்க்காமல், ஒண்ணு என்றேன்.

"அப்பா" என்றாள். அவள் கேட்கவில்லை, சொன்னாள்.